புதினா வேணாங்கறதுக்கு ஒரே காரணம்

நிர்மலா: சிரிக்காதீங்க. இன்னொரு தடவ சிரிச்சீங்கன்னா இந்த மாத்திரப் பொட்டலத்த மூஞ்சியிலயே விட்டெறிவேன்.

தமிழ்மணி: சரி, சரி... சிரிக்கல. வண்டிய நிறுத்திட்டு இப்பத்தானே வூட்டுக்குள்ள கால வைக்கிறேன். நர்சம்மா என்ன சொன்னாங்கன்னு மொதல்லேருந்து சொல்லு.

நிர்மலா: என்ன சொன்னாங்களா? வாசல்ல நின்னுக்கிட்டு பெரிய நோட்டு ஒண்ணத் தொறந்தாங்க. "பேரு நிர்மலாதேவி, வீட்டுக்காரர் பேரு தமிழ்மணி... எத்தன நாளும்மா தள்ளிப் போயிருக்கு?"ன்னாங்க. எதுத்த வூட்டு கண்ணம்மாக்கா வெளக்குமாத்தக் கையில வச்சிக்கிட்டு கூட்டாம நிக்குது. நான் திருவிழாவுல தொலஞ்சவ மாதிரி முழிக்கிறேன்.

தமிழ்மணி: நீ என்ன சொன்னே?

நிர்மலா: ஒண்ணும் தள்ளிப் போவலைங்கன்னேன். அதுக்கு அவங்க சிரிக்கிறாங்க! "வெக்கப்படாதம்மா, ஒங்க மாமனாரே நேர்ல வந்து பேர எழுதச் சொன்னாரு"ன்னு சத்து மாத்திரையக் கையில திணிச்சிட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க.

தமிழ்மணி: அப்ப... இல்லியா?

நிர்மலா: எது இல்லியா?

தமிழ்மணி: அதான்... புள்ள.

நிர்மலா: இருங்க, இருங்க. ஒங்களுக்கும் தெரியுமா?

தமிழ்மணி: அப்பா போன்ல சொன்னாரு. ஓசூர்ல லோடு எறக்கிக்கிட்டு இருந்தேன்...

நிர்மலா: எப்ப?

தமிழ்மணி: ஒரு... எட்டு நாளு இருக்கும்.

நிர்மலா: எட்டு நாளா! எட்டு நாளா தெரிஞ்சிக்கிட்டு வாயத் தொறக்கலியா?

தமிழ்மணி: நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன் நிம்மி. சீரியல்ல எல்லாம் அப்படித்தானே... நீ சொல்றப்ப ஆச்சரியப்படற மாதிரி மூஞ்சிய வச்சிக்கணும்னு வண்டிக் கண்ணாடியில ரெண்டு வாட்டி பாத்துக்கூட வச்சேன்.

நிர்மலா: ஊருக்குத் தெரியும். நர்சுக்குத் தெரியும். புருசனுக்குத் தெரியும். சுமக்கிறவளுக்கு மட்டும் தெரியாது! என் வயிறு என்ன பஞ்சாயத்து நோட்டீஸ் போர்டா, ஆளாளுக்கு ஒட்டிட்டுப் போறதுக்கு?

தமிழ்மணி: மெதுவா பேசு. அம்மா சமையக்கட்டுல இருக்குது.

நிர்மலா: கேக்கட்டும்! ரெண்டு வருசமாச்சு. கல்யாணத்துக்குப் போனாலும், எழவுக்குப் போனாலும், ரேசன் கடை வரிசையில நின்னாலும் ஒரே கேள்வி. "விசேசம் ஏதாச்சும் உண்டா?" பல்லக் காட்டிக் காட்டி எனக்குத் தாடையே வலிக்குது. இப்ப உண்டுன்னு நீங்களே தண்டோரா போட்டுட்டீங்க. இல்லன்னு நான் வாசல் வாசலாப் போயி சொல்லணுமா? கலஞ்சிடுச்சிம்பாங்க. இல்லாட்டி, புள்ளயில்லாத ஏக்கத்துல பொய் சொன்னாம்பாங்க. ரெண்டுல எது வேணும் ஒங்களுக்கு?

தமிழ்மணி: அழுவாத நிம்மி...

நிர்மலா: அழுவல. கோவம். கண்ணுல தண்ணி வந்தா அழுகைன்னு யாரு சொன்னா? இன்னும் கேளுங்க. மாமா எங்கம்மாவுக்கும் போன் போட்டுட்டாரு. "ஏன்டி, பெத்தவகிட்ட சொல்லணும்னு தோணலியா"ன்னு அது அழுவுது. சந்தோசத்துல அழுவுது! நான் எப்படி வாயத் தொறப்பேன்? அதிரசம், முறுக்கு, மாங்கா ஊறுகா எல்லாம் கட்டிக்கிட்டு பொம்மிடியில பஸ் ஏறிட்டாங்க, அப்பாவும் அம்மாவும். ரெண்டு மணிக்குள்ள வந்துடுவாங்க.

தமிழ்மணி: அப்பாவுக்கு யாரு சொன்னது? அவரா எப்படி நெனைச்சாரு?

நிர்மலா: அதத்தான் நானும் மண்டையப் போட்டு ஒடச்சிக்கிறேன். அன்னிக்கு நடந்தது ஒண்ணே ஒண்ணு. கீழ்க்காட்டுப் புதினா மொத அறுப்பு. மாமா வழக்கம்போல துவையலக் கிள்ளி ஒவ்வொரு தட்டா வச்சிக்கிட்டே வந்தாரு. என் தட்டுக்கு வர்றப்ப கொமட்டிக்கிட்டு வந்துச்சு. பொறக்கடைக்கு ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா தட்டுல துவையல் இல்ல. அன்னியிலேருந்து பத்து நாளா எனக்கு மட்டும் புதினாவே வைக்கல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மாமாவுக்கு ஒரு வழியா புரிஞ்சிடுச்சுன்னு. முனியப்பனுக்குத் தேங்கா ஒடைக்கணும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்!

தமிழ்மணி: என்ன புரிஞ்சிடுச்சுன்னு?

நிர்மலா: எனக்குப் புதினா புடிக்காதுன்னு.

தமிழ்மணி: என்னாது?

நிர்மலா: புடிக்காது.

தமிழ்மணி: புதினாவா? புதினா புடிக்காதா?

நிர்மலா: புள்ள இல்லன்னப்பகூட இப்படி அதிர்ச்சியாவல நீங்க!

தமிழ்மணி: இல்ல நிம்மி... பொண்ணு பாக்க வந்தன்னிக்கி அப்பா ஒரே ஒரு கேள்விதானே கேட்டாரு? சமையல் தெரியுமான்னு கேக்கல, நகை எவ்வளவுன்னு கேக்கல. "புதினா புடிக்குமாம்மா"ன்னாரு. நீ என்ன சொன்னே? "உயிரு"ன்னே!

நிர்மலா: தரகர் வெங்கடாசலம் சொல்லிக் குடுத்தாரு. முன்னாடி பாத்த பொண்ணு பரவால்லைங்கன்னு இழுத்ததுக்கே எடத்த வேணாம்னுட்டாராமே. எங்கப்பா கையக் கும்பிட்டாரு, "இந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிடு தாயி"ன்னு. சொன்னேன். ஒரு வார்த்த சொல்லிட்டு ரெண்டு வருசமா திங்கறேன். காலைல இட்டிலிக்கி புதினாச் சட்டினி. மத்தியானம் துவையல். மோருல புதினா. வெயில்னா புதினா ஜூஸ், மழைன்னா புதினா டீ. பல்லு வெளக்கிட்டு வாயக் கொப்புளிக்காம சோறு திங்கற மாதிரி இருக்குதுங்க!

தமிழ்மணி: ஒலகத்துல புதினா புடிக்காதவன் எவன் இருக்கான்? அதியமான்கோட்டை ரோட்டுக் கடையில போயி பாரு. காரு நிறுத்துறவன் எல்லாம் லெமன் மின்ட்தான் கேக்கறான்.

நிர்மலா: கல்யாணப் பந்தியில எல எடுக்கறப்ப பாருங்க. பிரியாணி தின்னவன் ஓரமா என்னத்த ஒதுக்கி வச்சிருக்கான்னு பாருங்க. எலும்பு, பட்ட, அப்புறம் புதினா. வாசனைக்குப் போடறத வாயில போடுன்னா எப்படி?

மாதம்மாள்: அங்க என்ன சண்ட? நான் பாட்டுக்கு இங்க புதினாத் துவையல் அரச்சிக்கிட்டு இருக்கறேன், புதினாவையா கொற பேசறீங்க?

தமிழ்மணி: ஒண்ணுமில்லம்மா. நீ துவையல அரை.

மாதம்மாள்: அரச்சாச்சு. மேல்காட்டு மொத அறுப்பு. இந்தா, கிண்ணத்தோட வந்துட்டேன். சொல்லு நிம்மி, என்னமோ பல்லு வெளக்கறதுங்கற, ஓரமா ஒதுக்கறதுங்கற?

நிர்மலா: ஆமாங்கத்தே. எனக்குப் புதினா புடிக்கல. போதுமா?

மாதம்மாள்: வாயக் கழுவு! நீ சாஞ்சிக்கிட்டு நிக்கிற செவுரு யாரு கட்டுனது? புதினா கட்டுனது. இவன் படிச்ச படிப்பு, ஓட்டுற வண்டி, ஒன் நாத்தனாருங்க ரெண்டு பேரு கழுத்துல ஏறுன தாலி... எல்லாம் அந்தத் தழ போட்டது. தக்காளி போட்டவனெல்லாம் பாலக்கோட்டு மார்க்கெட்டுல கூடைகூடையா கொட்டிட்டு வந்தப்ப, நமக்குச் சோறு போட்டது புதினாடீம்மா!

நிர்மலா: சோறு போடட்டும் அத்தே, நான் வேணாங்கல. அதக் கொண்டாந்து என் சோத்துல போடாதீங்கங்கறேன்!

தமிழ்மணி: ஹஹ்...

நிர்மலா: சிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல?

மாதம்மாள்: டேய், நீ சும்மா இரு. அப்ப ரெண்டு வருசமா தட்டுல வச்சதெல்லாம் எங்க போச்சு?

நிர்மலா: பாதிய மாத்திர மாதிரி தண்ணிய ஊத்தி முழுங்குனேன். மாமா அந்தப் பக்கம் திரும்புனா, மீதிய உருட்டி முந்தானையில முடிஞ்சிக்குவேன். அப்புறம் ஆட்டுக்குக் கொண்டுபோயி போடுவேன். அந்த ஆடுகூட மோந்து பாத்துட்டுத் தும்மிட்டுப் போயிடுச்சுங்கத்தே!

மாதம்மாள்: தெரியும்.

நிர்மலா: என்ன தெரியும்?

மாதம்மாள்: பட்டியக் கூட்டுறவ நானு. உருண்ட உருண்டயாத் துவையல் கெடந்தா தெரியாதா? ஆடு என்ன, மிக்சியில அரச்சா திங்குது?

நிர்மலா: அப்ப... எனக்குப் புடிக்காதுன்னு ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?

மாதம்மாள்: நீ வந்த மூணாம் நாளே தெரியும்.

தமிழ்மணி: யம்மா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?

மாதம்மாள்: ஒங்கிட்ட சொன்னா ஒங்கப்பன்கிட்ட சொன்ன மாதிரி. அவருகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.

நிர்மலா: அத்தே... என் கண்ணப் பாத்து சொல்லுங்க. நான் முழுவாம இருக்கேன்னு மாமாகிட்ட சொன்னது யாரு?

மாதம்மாள்: நாந்தான்.

நிர்மலா: நீங்களா! தூரம் ஒதுங்குனேன்னு அதுக்கு மொத வாரந்தானே ஒங்ககிட்டயே நாப்கின் வாங்கியாரச் சொன்னேன்? தெரிஞ்சேவா சொன்னீங்க?

மாதம்மாள்: தெரிஞ்சேதான் சொன்னேன். என்னை என்ன பண்ணச் சொல்றே? அவரு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, நீ வாயப் பொத்திக்கிட்டு ஓடுறே. அவரு மூஞ்சி செத்துப் போச்சு. அவரோட சொந்தப் பங்காளி, கிருஷ்ணப்பன், ஒரு நாளு விளையாட்டுக்கு "என்னடா எப்பப் பாரு இந்தத் தழ நாத்தம்"னு சொன்னான். நாலு வருசமாச்சு, இன்னிக்கி வரைக்கும் அவன் வூட்டுப் படி மிதிக்கல. ஒன்னைய என்ன சொல்லுவாரோன்னு... வாயில வந்தத சொல்லிட்டேன்.

நிர்மலா: வாயில வந்தது அதுவா? வயித்துல கோளாறுன்னு சொல்லக்கூடாதா?

மாதம்மாள்: வயித்துக் கோளாறுன்னா புதினாக் கசாயம். சொம்போட வந்து நிப்பாரு.

நிர்மலா: காய்ச்சல்னு சொல்றது!

மாதம்மாள்: புதினா ரசம்.

நிர்மலா: பல்லு வலி?

மாதம்மாள்: பச்சையா மென்னு கடவாயில அடக்கிக்கோம்பாரு.

நிர்மலா: விரதம்?

மாதம்மாள்: வெறும் வயித்துக்கு ரொம்ப நல்லதும்பாரு. எல்லாம் பாத்தாச்சு கண்ணு. இந்த வூட்டுல புதினா வேணாங்கறதுக்கு ஒரே காரணந்தான் உண்டு. எங்க மாமியா வச்ச சட்டம் அது. வயித்துப்புள்ளக்காரி வாயில பத்து மாசம் புதினா படக்கூடாது. அந்த ஒண்ணுக்குத்தான் ஒன் மாமனாரு கை பின்னால போவும்.

நிர்மலா: இவ்வளவும் வரிசையா எப்படித் தெரியும் ஒங்களுக்கு?

மாதம்மாள்: ...முப்பத்திமூணு வருசம் இந்த அடுப்புல நிக்கிறேன். தெரியாதா?

நிர்மலா: நல்லதுதான் நெனச்சீங்க, இல்லங்கல. ஆனா அத்தே, அது என்னோட ஒடம்பு. என்னைக் கேக்காம ஒரு புள்ளய வச்சிட்டீங்க. இப்ப என்னைக் கேக்காம அத எடுக்கவும் முடியாது. எங்கம்மா அதிரசத்தோட வந்து நிக்கப் போவுது. நான் என்ன பண்ணட்டும்?

மாதம்மாள்: அந்த மனுசன் நர்சம்மா வரைக்கும் போவாருன்னு நான் கண்டேனா... வூட்டோட இருக்கும்னு நெனச்சேன்.

நிர்மலா: மாமா சாப்பாட்டுக்கு வரட்டும். நேரா சொல்லிடறேன். புள்ளயும் இல்ல, புதினாவும் புடிக்காதுன்னு.

தமிழ்மணி: வேணாம் நிம்மி! அவரு தாங்க மாட்டாரு. பத்து நாளா அவரு நடையே வேற மாதிரி இருக்குது. தெருவுல போற நாயக்கூட கூப்புட்டு சொல்றாரு, தாத்தா ஆவப்போறேன்னு.

நிர்மலா: அப்ப நானு தாங்கணுமா?

தமிழ்மணி: அப்படிச் சொல்லல. ஒரு யோசன. கோவப்படாம கேளு. ஒரு மாசம், ரெண்டு மாசம் இப்படியே சமாளிச்சா...

நிர்மலா: சமாளிச்சா?

தமிழ்மணி: அதுக்குள்ள நெஜமாவே உண்டாயிட்டா? யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. ஒனக்கும் பத்து மாசம் புதினா தொல்ல இல்ல. எல்லாருக்கும் சந்தோசம்!

நிர்மலா: அடப் பாவி மனுசா!

மாதம்மாள்: டேய். என்ன சொன்னே?

தமிழ்மணி: இல்லம்மா, ஒரு பேச்சுக்கு...

மாதம்மாள்: இன்னொரு வாட்டி சொல்லு.

தமிழ்மணி: சும்மா சொன்னேம்மா. ஏன் மொறைக்கிறே?

மாதம்மாள்: ஒரு கிள்ளு துவையலுக்குப் பயந்துக்கிட்டு ஒரு பொம்பள புள்ள பெத்துக்கணுமா? அதுக்கா அவ வயிறு?

நிர்மலா: அத்தே... கிண்ணம் சாயுது பாருங்க.

மாதம்மாள்: ஒண்ணுமில்ல. அவருதான். வண்டிச் சத்தம் கேக்குது.

அர்ச்சுனன்: அடேங்கப்பா! வாசன தெரு மொனைக்கே வந்து கூப்புடுது! மாதம்மா, துவையல் ஆச்சா? தமிழு, நீ எப்படா வந்தே? ஏன்டா மூணு பேரும் சாமி வந்த மாதிரி நிக்கிறீங்க?

தமிழ்மணி: ஒண்ணுமில்லப்பா. வெயிலு...

அர்ச்சுனன்: வெயிலுக்குத்தான் நம்மகிட்ட மருந்து இருக்குதே! நிம்மி கண்ணு, நீ நிக்காத, உக்காரு. நர்சம்மா மாத்திர குடுத்துச்சா? இன்னொண்ணு கேளு. மேல்காட்டுல இன்னும் அர ஏக்கரு சும்மா கெடக்குதில்ல, அது மொத்தமும் புதினா போடப்போறேன். என் பேரப்புள்ள பேருல. புள்ள பொறந்து மொத வாட்டி சோறு ஊட்டறன்னிக்கி அந்தக் காட்டுத் தழதான்!

நிர்மலா: மாமா... ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்.

அர்ச்சுனன்: சாப்புட்டுச் சொல்லலாம் கண்ணு. சம்பந்தி போன் பண்ணாரு, தர்மபுரி தாண்டிட்டாங்களாம். அவங்களுக்கும் எடுத்து வை. எல, தட்டு எல்லாம் போடுங்க. மொத அறுப்பு, ஆறக்கூடாது.

நிர்மலா: இல்லீங்க மாமா, இப்பவே சொல்லணும். நான்... நீங்க நெனைக்கிற மாதிரி...

தமிழ்மணி: நிம்மி, அப்புறம்...

மாதம்மாள்: நீ உக்காரு நிம்மி. நீ சொல்ல வேணாம்.

அர்ச்சுனன்: ஆமா, பெரியவங்க பேசட்டும். இந்தா மாதம்மா, கைய நீட்டு. முப்பத்திமூணு வருசமா மொத கிள்ளு ஒனக்குத்தானே? எங்கப்பன் எங்காத்தாளுக்கு வச்சாரு, நான் ஒனக்கு வைக்கிறேன். இந்தா.

மாதம்மாள்: வேணாங்க.

அர்ச்சுனன்: என்ன?

மாதம்மாள்: எனக்கு வேணாம்.

அர்ச்சுனன்: ஏன்டி... வேணாமா? நீயுமா முழுவாம இருக்கறே? அட, சிரிங்கடா, ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கறீங்க!

மாதம்மாள்: நானும் இல்லீங்க. அவளும் இல்ல.

அர்ச்சுனன்: அவளும் இல்லன்னா?

மாதம்மாள்: நான் சொன்ன பொய் அது. அவளுக்குத் தெரியவே தெரியாது. அவ மேல ஒரு தப்பும் இல்ல. சம்பந்தி வந்தா நானே கால்ல விழுந்து சொல்லிடறேன், தெருவுலயும் நானே சொல்றேன். அவளுக்குப் புதினா புடிக்கல. அவ்வளவுதான்.

அர்ச்சுனன்: புடிக்கலியா... உயிருன்னு சொன்னுச்சே...

நிர்மலா: மன்னிச்சிடுங்க மாமா.

மாதம்மாள்: நீ எதுக்குடி மன்னிப்புக் கேக்கறே? ஒரு தழ புடிக்கலன்னா குத்தமா? எனக்குந்தான் புடிக்காது!

தமிழ்மணி: யம்மா!

அர்ச்சுனன்: ஒனக்கா? என்ன பேசறே மாதம்மா... எத்தன வருசம் என் கையால வாங்கித் தின்னிருக்கே! இவன், அப்புறம் பொண்ணுங்க ரெண்டு... மூணு புள்ளைங்களச் சுமந்தப்பத் தவிர, நீ ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்லியே!

மாதம்மாள்: அதுக்குத்தாங்க மூணு பெத்தேன். நாலாவதுக்கு ஒடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அன்னியிலேருந்து இன்னி வரைக்கும், இருவத்திநாலு வருசமா, ஒரு நாளு விடாம திங்கறேன்.